தும்மலுக்குக் கருஞ்சீரகமா, தேனா, ஒளுத் தண்ணீரா?

மூக்கு ஒழுக ஆரம்பித்தால் "சீசன் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரில் எந்த சீசன்? இங்கே வசந்தமும் கிடையாது, குளிர்நாடுகளில் உள்ளதைப் போல மகரந்தம் பறக்கும் மாதங்களும் கிடையாது. நம்மில் பெரும்பாலோரைத் தும்ம வைப்பது மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான். இந்த ஊரின் ஈரமும் வெக்கையும் அதற்கு வருஷம் முழுக்கக் கொண்டாட்டம். சீசன் என்று சொல்ல வேண்டுமானால் புகைமூட்டத்தைச் சொல்லலாம். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். புகை தருவது எரிச்சல், ஒவ்வாமை அல்ல. ஆனால் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் மூக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "நபிவழி மருந்து" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பல குறிப்புகள் மகரந்த ஒவ்வாமையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறைக்கு அவற்றில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

கேலாங் சிராய் கடைகளிலும் தேக்காவிலும் முன்வரிசையில் நிற்பது கருஞ்சீரக எண்ணெய். "மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம்" என்ற ஹதீஸ் (நபிமொழி) பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும். புகாரி ஹதீஸ் தொகுப்பில் அந்த ஹதீஸோடு சேர்ந்தே வரும் ஒரு சம்பவத்தை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. பயணத்தில் காலிப் பின் அப்ஜர் என்பவர் நோயுறுகிறார். அவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அத்தீக், கருஞ்சீரகத்தில் ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்துப் பொடித்து, எண்ணெய்த் துளிகளோடு இரண்டு நாசியிலும் விடச் சொல்கிறார். அளவைக் கவனியுங்கள்: ஐந்து அல்லது ஏழு. நாம் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறோம். "எல்லா நோய்க்கும்" என்பதைக்கூட, ஈரத்தால் வரும் நோய்களைக் குறிக்கும் பொதுச்சொல் என்றே கத்தாபீ போன்ற பழைய அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். மூக்கொழுகலுக்கு அந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

ஆய்வுகளும் இதை முற்றாகக் கைவிடவில்லை. ஈரானில் 66 பேரை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், கருஞ்சீரக எண்ணெய் எடுத்தவர்களுக்கு மூக்கடைப்பும் அரிப்பும் குறைந்தன. சின்ன ஆய்வுதான். ஆனாலும் மற்ற பல "சுன்னத் மருந்து"களுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. மிளகுபோல் தொண்டையில் பிடிக்கும் அந்தக் காரம் தாங்காதவர்களுக்குக் கேப்ஸ்யூல் இருக்கிறது, ஏப்பத்தில் வாசம் வரும், அவ்வளவுதான். சம்பவத்தைப் படித்துவிட்டு, கடையில் வாங்கிய எண்ணெயை மூக்கில் விடாதீர்கள். எண்ணெய் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் அழற்சி வரலாம். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்தது தேன். குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:69) "அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருக்கிறது" என்று வருகிறது. மூக்கு என்று அங்கே இல்லை. ஹதீஸில் தேன் கொடுக்கச் சொன்னது வயிற்றுக் கோளாறுக்கு. "உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் உடம்பு மகரந்தத்துக்குப் பழகிவிடும்" என்பது பின்னால் ஒட்டவைத்த வாதம். தேனீ சுமந்து வருவது பூக்களின் பிசுபிசுப்பான மகரந்தத்தை. அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தம். நம் ஊரில் அதுவும் முக்கியக் குற்றவாளி இல்லை. தூசிப்பூச்சிக்காக ஏமன் தேனுக்குக் காசைக் கொட்டுவானேன்?

மலேசியாவின் கிழக்குக் கரையில் செய்த ஓர் ஆய்வைத் தேன் விற்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் நன்மை தெரிந்தது உண்மை. ஆனால் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் தேன், அதுவும் லோராடடின் என்ற ஒவ்வாமை மாத்திரையோடு சேர்த்து. எழுபது கிலோ ஆளுக்குத் தினமும் மூன்று மேசைக்கரண்டிக்கும் மேல்! நம்மவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரவில் இருமும் குழந்தைக்கு ஒரு கரண்டி தேன், தாராளமாக. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டும் கூடாது.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான், காசே செலவில்லாத இஸ்தின்ஷாக்குக்கு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்கையில் மூக்கில் தண்ணீர் இழுத்துச் சீந்துவதை நாம் அவசரத்தில் விரல்நுனியால் தொட்டுவிட்டுக் கடந்துவிடுகிறோம். பள்ளிவாசல் ஒளுக் குழாய்களில் நின்று பார்த்தால் தெரியும், பாதிப் பேரின் மூக்குக்குள் தண்ணீரே போவதில்லை. லகீத் பின் ஸபிரா அறிவிக்கும் ஹதீஸோ நன்றாக உள்ளே இழுக்கச் சொல்கிறது. தூங்கி எழுந்ததும் மூன்று முறை மூக்கைச் சீந்தச் சொல்லும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இரவெல்லாம் தலையணையில் முகம் புதைத்துத் தூசிப்பூச்சியின் கழிவைச் சுவாசித்தவருக்குச் சுபுஹு (அதிகாலைத் தொழுகை) நேரத்தைவிடப் பொருத்தமான நேரம் ஏது?

ஒளுத் தண்ணீர் மட்டும் போதுமா என்றால், போதாது. வெறும் தண்ணீர் மூக்கின் உச்சியில் சுரீர் என்று எரியும், அதனால்தான் யாரும் ஆழமாக இழுப்பதில்லை. மருத்துவர்கள் சொல்வது உப்புநீர்க் கழுவல். இது ஒவ்வாமை மூக்கின் தொல்லையைக் குறைக்கக்கூடும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு, ஆதாரத்தின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு சொல்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒன்பது கிராம் அயோடின் சேர்க்காத உப்பு. வெதுவெதுப்பாக இருக்கும்போது, பேசினுக்கு மேல் குனிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் ஊற்றினால் கீழ் நாசி வழியே வழியும். முதல் தடவை தடுமாறும், பிறகு பழகிவிடும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆனால் மூக்குக்கு இவ்வளவு ஆழமாக விடும்போது கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

நபிவழி மருந்து என்று சொல்லப்படும் கோஷ்டம், ஹிஜாமா இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோஷ்டம் (குஸ்துல் ஹிந்தி என்ற மூலிகை வேர்) ஹதீஸில் வருவது தொண்டை நோய்க்கும் விலா வலிக்கும். அந்தப் பொடியை ஒவ்வாமை மூக்கில் உறிஞ்சினால் தும்மல் கூடத்தான் செய்யும். தோலில் பட்டாலே சிலருக்குத் தடித்துவிடும். தோலைக் கீறிக் குப்பியால் இரத்தம் உறிஞ்சும் ஹிஜாமாவைத் தும்மலுக்காகச் செய்துகொள்ள நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வேறு காரணத்துக்காகச் செய்பவர்கள் பிளேடு புதிதா என்று கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இவ்வளவு மருந்து தேடும் வீட்டில் வியாழன் மாலை கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவதையும் சொல்ல வேண்டும். நல்ல வாசம்தான், எனக்கும் பிடிக்கும். மூக்கடைத்தவர் இருக்கும் வீட்டில் அது ஒரு சின்னப் புகைமூட்டம். அத்தரோடு நிறுத்திக்கொள்ளலாம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும்.

நோன்பு மாதத்தில் மட்டும் கணக்கு மாறும். மூக்கில் ஆழமாக இழுக்கச் சொன்ன அதே ஹதீஸ் "நோன்பாளியாக இருந்தாலன்றி" என்று விலக்கும் சொல்கிறது. உப்புநீர்க் கழுவலை நோன்பு திறந்த பிறகோ சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) நேரத்துக்கு எழுந்ததுமோ வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மூக்கு ஸ்பிரேயை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள், பகலில் அடிக்கலாமா என்பதை உஸ்தாதிடம் (மார்க்க ஆசிரியரிடம்) கேளுங்கள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ மூச்சு இரைத்தாலோ கருஞ்சீரகம், தேன், தண்ணீர் எதுவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.