ஓட்டோகாட்டில் நீள அளவு போடுதல்: நெடுநாள் பாவனையில் தெரிபவை

கணினியில் படம் கீறும் மென்பொருளான ஓட்டோகாட்டில் பிளான் மிலிமீற்றரில் கீறப்பட்டாலும், யாழ்ப்பாணத்தில் வளவில் நூல் பிடிக்கும் மேசனுக்கு அடி அங்குலம்தான் கணக்கு. ஆகவே அளவு ஸ்ரைலில் (அளவுகள் எப்படித் தோன்றவேண்டும் என்ற அமைப்பில்) முதலில் பார்க்கவேண்டியது டிம்எல்ஃபாக், அதாவது அளந்த நீளத்தைப் பெருக்கிக் காட்டும் எண். அலகை ஆர்க்கிரெக்சரலுக்கு (அடி அங்குலத்துக்கு) மாற்றி, இதற்கு 0.03937 கொடுக்கவேண்டும், 25.4 ஆல் பிரிப்பதுதான் அது. சோம்பலில் 0.04 என்று போட்டால் 23 அடி 6 அங்குல வீடு 23 அடி 10½ ஆகிவிடும். அத்திவாரம் வெட்டிய பிறகுதான் பிழை தெரியவரும்.

நீள அளவு போடும் கட்டளையான டி.எல்.ஐ. அடித்து இரண்டு புள்ளிகளைத் தொட்டால் கிடையளவு அல்லது நிலைக்குத்தளவு வரும். முதற் கேள்விக்கே என்டர் தட்டினால் கோட்டையே தெரிவுசெய்யலாம், கெதியான வழி. சரிந்த மதிலுக்கு மட்டும் இது ஆகாது: 30 பாகை சரிந்த 20 அடி மதிலை 17 அடி 4 என்று காட்டும். அதற்கு, சரிவோடேயே அளக்கும் டி.ஏ.எல். கட்டளை.

அறைகளை வரிசையாக அளக்க, அளவுகளைத் தொடராகப் போடும் டி.சி.ஓ. கட்டளை நல்லது. ஆனால் அது கடைசியாகப் போட்ட அளவிலிருந்தே தொடரும். இடையில் வேறெங்காவது ஒன்று போட்டிருந்தால், என்டர் தட்டிச் சரியானதைத் தொட்டுக்காட்டவேண்டும்.

துல்லியத்தை முழு அங்குலத்துக்குக் குறைப்பது இன்னொரு பொறி. 3 அடி 4¼ அங்குலத்தில் மூன்று துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றும் 3 அடி 4 என்று நிற்கும், மொத்தமோ 10 அடி 1 என்று வரும். கூட்டிப் பார்த்தால் ஓர் அங்குலம் உதைக்கும். கால் அங்குலமாவது காட்டவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம், இலக்கத்தைக் கையால் அடித்து மாற்றுவது. பிறகு சுவரை எவ்வளவு நீட்டினாலும் அந்த இலக்கம் அசையாது. புறொப்பற்றீஸில் ரெக்ஸ்ற் ஓவர்றைட் பெட்டியை வெறுமையாக்கினால் உண்மையான அளவு திரும்பும்.

அளவைக் கோட்டோடு தொடுக்கும் டிம்அசோக் என்ற அமைப்பு 2 இல் இருந்தால் அளவு சுவரோடு சேர்ந்தே நகரும். ஆனால் சுவரை அழித்துத் திரும்பக் கீறினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அனோமொனிற்றர் என்ற கண்காணிப்பு வசதியை இயக்கிவைத்தால் அறுந்தவற்றில் மஞ்சள் ஆச்சரியக்குறி தோன்றும். அதிலேயே அழுத்தி மீளத் தொடுக்கலாம்.

பூச்சுக் கோடும் கல்லின் கோடும் அருகருகே இருந்தால் ஸ்நாப் (புள்ளியைத் தானாகப் பிடிக்கும் வசதி) எதைப் பிடித்தது என்று பெருப்பித்துப் பாருங்கள். 6 அங்குலச் சீமெந்துக் கல் கட்டும் மேசனுக்குக் பூச்சை விட்டு, கல்லுக்குக் கல் அளவுதான் வேணும்.

திரையில் தெரிந்த அளவுகள் பிறின்ற்றில் மாயமானால் அவை கிடக்கும் லேயரை (படத்தின் அடுக்கை) பாருங்கள். அநேகமாக டெஃப்பொயின்ற்ஸில் கிடக்கும். அந்த லேயர் பிறின்ற் ஆகாது.