ஒரே வைஃபையில் காட்டிய வித்தைக்கு 18,500 ரூபாய் அழுதோம்: வேலூர் வியாபாரிகள் கவனத்திற்கு

இன்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்பதையும் முடிவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேலூர் லாங்கு பஜாரில் லுங்கி மொத்த வியாபாரம், கிடங்கு குடியாத்தத்தில். இருப்புக் கணக்கு முழுவதும் வேலூர்க் கடைக் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் இருப்பதால், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை மகன் ஒவ்வொரு கட்டுக்கும் எனக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. அங்கிருந்தே கணக்கைத் திறக்க வழி செய்து தருவதாக, கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்யும் உள்ளூர்க் கடை ஒன்று 18,500 ரூபாய் கேட்டது. அதில் 6,000 ரூபாய், மாறாத இணைய முகவரியான ஸ்டேட்டிக் ஐபிக்கு ஓராண்டுக் கட்டணமாம்.

வந்த பையன் மரியாதையானவன். இரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டுத் தன் லேப்டாப்பைக் கல்லாவின் மேல் வைத்து, அன்று காலை நான் போட்ட பில்லையே திறந்து காட்டினான். "இன்னாண்ணா, இப்ப நம்பிக்கை வந்துச்சா?" என்று சிரித்தான். எனக்கு வந்தது. அங்கேயே ஜிபேயில் 18,500 ரூபாயை அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு எங்கள் கடைத் துண்டுச் சீட்டின் பின்புறத்திலேயே தொகையை எழுதிக் கொடுத்தான். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த லேப்டாப் எங்கள் கடை வைஃபையிலேயே இணைந்திருந்தது என்பதும், அவன் தட்டிய 192.168 என்று தொடங்கும் முகவரி எங்கள் நான்கு சுவர்களுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

குடியாத்தத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. முதலில் "அங்க நெட் வீக்" என்றார்கள். பிறகு ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதன்பின் முதலாளி திருப்பதிக்குப் போயிருந்தார், திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. நேரில் போய் நின்றபோது, "வேலையை முடிச்சுக் காட்டிட்டோம், நீங்கதான் பாத்தீங்களே, இனிமே உங்க லைன்காரரைக் கேளுங்க" என்று தலை நிமிராமல் சொன்னார்.

கேட்டேன். எங்களுக்கு இணைய இணைப்புத் தரும் லைன்காரர் இன்று வந்து பார்த்துவிட்டு, ஸ்டேட்டிக் ஐபிக்கு எங்கள் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்றார். ரவுட்டரின் வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. ஒரே பொது முகவரியைப் பல இணைப்புகளுக்குப் பங்கிட்டுத் தரும் ஏற்பாடாம் அது. ரவுட்டரில் டேட்டாபேஸுக்கான வாசலான 3306 என்ற போர்ட்டை எவ்வளவு திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாதாம். இதைவிடக் கொடுமை, வெளியாள் நுழையாமல் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிட்டு, டேட்டாபேஸின் தலைமைக் கணக்குக்கு எங்கள் கடையின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டேட்டிக் ஐபியை மட்டும் உண்மையாகவே வாங்கியிருந்தால் எங்கள் கணக்கு ஊருக்கே திறந்து கிடந்திருக்கும். அவர்கள் செய்யாமல் விட்ட வேலைதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் 18,500 ரூபாய் போலும்.

விரிவாக எழுதப் பொறுமையில்லை. வேலையை முடித்ததாகச் சொன்னால், வைஃபையைத் துண்டித்து மொபைல் டேட்டாவில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டேட்டிக் ஐபிக்கான பணத்தை இணைப்புத் தரும் நிறுவனத்திடமே கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். டேட்டாபேஸ் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறக்க விடாதீர்கள், விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகச் செய்து தரக் கேளுங்கள். ஃபயர்வாலை அணைக்கிறவனை அப்போதே அனுப்பிவிடுங்கள். நாளை காலை கடை திறந்ததும் அந்தத் துண்டுச் சீட்டோடு 18,500 ரூபாயைக் கேட்க மறுபடியும் அங்கே போகிறேன்.