டெல்லியில் இறங்கியதும் மெட்ரோவா, டாக்சியா?

டெல்லி விமான நிலையம், மூன்றாம் முனையம். குடியேற்றச் சோதனை வரிசைக்கு மேலே, சுவரில் நாட்டிய முத்திரை காட்டும் பெரிய பெரிய கைகள். அண்ணாந்து பார்த்து முடித்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும்.

2011இல் ஓடத் தொடங்கிய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ, சுமார் 20 நிமிடத்தில் புது டெல்லி ரயில் நிலையத்தில் விட்டுவிடும். குளுகுளுவென்று, பேரம் இல்லாமல். ஆனால் இறங்குவது அஜ்மேரி கேட் பக்கம். மலிவு விடுதிகள் நிறைந்த பஹாட்கஞ்ச் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம். பெட்டியோடு நடைமேம்பாலம் ஏறும்போது, "உங்க ஹோட்டலை மூடிட்டாங்க" என்று யாராவது ஒட்டிக்கொள்வார். நம்பிவிடாதீர்கள், அது பழைய தந்திரம்.

ப்ரீபெய்டு டாக்சி நெரிசலில் ஊர்ந்துதான் போகும். ஜன்னலை இறக்கினால் ஹாரன், புகை, சிக்னலில் பொம்மை விற்கும் பையன், எல்லாம் ஒரே மூச்சில். பகலில் நான் மெட்ரோ பக்கம்தான். நள்ளிரவில் இறங்கினால் சரி, டாக்சி.