ஹாசுயியின் 'ஜோஜோஜி' என்று சொல்லி ஆஃப்செட் தாளைத் தலையில் கட்டினார்கள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், அதிலும் ஓவியர் கவாசே ஹாசுயியின் 'ஷிபா ஜோஜோஜி'யைத் தேடுகிறவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

1925-ல் வந்த படம் அது. கொட்டும் பனியில் டோக்கியோ ஜோஜோஜி புத்தர் கோயிலின் சிவப்பு வாசல், முன்னால் ஒரு பைன் மரம், காற்றுக்குக் குடையைச் சாய்த்தபடி போகும் பெண். வாசல் 1622-ல் கட்டியது, இன்றும் நிற்கிறது. ஹாசுயி படங்களில் மிக அதிகம் விற்றவற்றில் இதுவும் ஒன்று. ஏமாற்றுகிறவர்களுக்கு இதன்மேல் கண் இருப்பதில் ஆச்சரியமில்லை.

எனக்கு இதை விற்றவர் 'முதல் பதிப்பு, வதனாபே வெளியீடு' என்று போட்டு 1,80,000 யென் விலை சொன்னார். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபிரேமுக்குள் ஒட்டியிருக்கிறதாம், பிரித்தால் கிழியுமாம். அதற்குப் பதில் ஒரு சான்றிதழ் வந்தது. அசல் இல்லையென்றால் பணம் வாபஸ் என்று எழுத்திலும் தந்தார்.

படம் வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வாசலின் சிவப்பு முழுக்க மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள்! ஆஃப்செட் என்ற இயந்திர அச்சின் அடையாளம் அது. கட்டையில் அச்சடித்தால் சாயம் தாளின் நாரில் ஊறிப் படிந்திருக்கும், புள்ளிக்கே இடமில்லை. டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில் பழைய அச்சுப் படம் விற்கும் கடைக்காரர் ஒருவர் ஃபிரேமைத் திறந்து ஒரு மூலையை மெல்லத் தூக்கினார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பாரென் என்ற தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பதால் அசலில் நிறம் பின்னாலும் தெரியும், தேய்த்த தடமும் இருக்கும்.

வதனாபே பதிப்பகமே பின்னாளில் அடித்த பிரதிகளும் மரக்கட்டை அச்சுதான், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பலவற்றில் சுமார் 6 மி.மீ. வட்ட முத்திரை இருக்கும். அவை மோசடி இல்லை, விலைதான் குறைவு. எனக்கு வந்தது அதுகூட இல்லை. ஓரத்தில் உள்ள ஆண்டையும் நம்பாதீர்கள். அது கட்டையிலேயே செதுக்கியது, எப்போது அடித்தாலும் விழும்.

பணத்தைக் கேட்டால், 'ஃபிரேமைத் திறந்துவிட்டீர்களே, இனி வாபஸ் கிடையாது' என்கிறார்! விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அவரோ இப்போது யோஷிதா ஹிரோஷி என்ற ஓவியரின் கோயில் படம் ஒன்றை, 'ஓவியரே மேற்பார்வையிட்ட அச்சு' என்று ஏற்றியிருக்கிறார். அப்படி மேற்பார்வையிட்டதைக் காட்ட இடது ஓரத்தில் இருக்க வேண்டிய 'ஜிசுரி' முத்திரையைக் காணோம். பின்பக்கப் படமும் இல்லை.