லூப் டிவைஸை வைத்துப் படங்களை மீட்பது: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

ஹட்டன் டவுனில் கணினி திருத்தும் கடையில் வேலை செய்வதால், திறக்காத மெமரி கார்டும் பென்டிரைவும் வந்துகொண்டே இருக்கும். மகளின் சடங்குப் படங்கள், கல்யாண வீடியோ, இப்படி. "தம்பி, வேற ஒண்ணும் வேணாம், படம் மட்டும் வந்தா போதும்" என்று தோட்டத்திலிருந்து வரும் அக்காமார் கேட்கும்போது அந்தக் கார்டில் நேரடியாகக் கை வைக்கவே மனம் வராது. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற, பழுதான டிஸ்க்கையும் படித்தெடுக்கும் கருவியால் முழுவதையும் ஒரு இமேஜ் ஃபைலாக, அதாவது அச்சு நகலாக, எடுத்துவிடுவேன், அந்த ஃபைலை லினக்ஸில் லூப் டிவைஸாக மாட்டினால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அதை ஒரு டிஸ்க்காகவே நடத்தும், மிச்ச வேலை முழுக்க அதில்தான்.

முழுக் கார்டின் இமேஜை அப்படியே மவுண்ட் செய்தால் (ஃபைல்களைப் பார்க்கும்படி இணைத்தால்) பிழைதான் வரும், உள்ளே பார்ட்டிஷன், அதாவது ஃபைல்கள் இருக்கும் பகுதி, தள்ளி ஆரம்பிப்பதே காரணம். பல எஸ்டி கார்டுகளில் அது 8192ஆவது செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட், பெருக்கினால் 4194304 பைட், அதை ஆஃப்செட்டாக, அதாவது ஆரம்பிக்கும் இடமாக, கொடுக்கலாம். ஆனால் இந்தக் கணக்கே தேவையில்லை. லூப்பை மாட்டும் லோசெட்டப் கட்டளைக்குச் சிறிய எஃப், பெரிய பி, சிறிய ஆர், கூடவே ஷோ என்று கொடுங்கள்: காலியான லூப் ஒன்றை அதுவே தேடி எடுக்கும், லூப்0பி1 மாதிரி பார்ட்டிஷன்களைக் காட்டும், பெயரையும் சொல்லும்.

ரீட்-ஒன்லியாக மாட்டும் அந்தச் சிறிய ஆரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய லேப்டாப் டிஸ்க்கின் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல்சிஸ்டம்) இமேஜை மவுண்டில் ரீட்-ஒன்லி என்று போட்டாலும், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இடத்தில்) பாக்கி இருந்தால் அதை எழுதி முடித்துவிடும், இமேஜ் மாறிப்போகும். லூப்பையே ரீட்-ஒன்லியாக மாட்டினால் எழுத வழியே இல்லை, மவுண்ட் மறுத்துவிடும், அப்போது ஜர்னலைத் தொடாத நோலோட் ஆப்ஷனை மவுண்டுக்குக் கொடுத்தால் திறக்கும்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவது சாதாரணம். மெஷின் திரும்ப எழும்பும்போது மாட்டிய லூப் எதுவும் இருக்காது, மறுபடி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். டிடிரெஸ்க்யூ ஓடும்போது போனாலும், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

கழற்றுவதில்தான் எனக்குக் குறை உண்டு. லோசெட்டப்புக்குச் சிறிய டி கொடுத்தால் சத்தமில்லாமல் முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் 3.7 கர்னலில் இருந்து, மவுண்ட் ஆகியிருக்கும் லூப் உடனே விடுபடாது, அன்மவுண்ட் ஆகும்வரை காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து இமேஜை அழித்தால் லோசெட்டப் காட்டும் லூப் பட்டியலில் அழிக்கப்பட்டது என்று வரும், டிஸ்க்கில் இடமும் திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் அன்மவுண்ட், அப்புறம் டி. உபுண்டுவில் ஸ்னாப் என்ற ஆப் பொதிகளும் லூப்பாக மாட்டப்பட்டுப் பட்டியலை நிறைத்துவிடும், சிறிய ஜேயுடன் ஃபைல் பெயரைக் கொடுத்துத் தேடுவது சுகம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றும் பெரிய டியைப் பலருடைய இமேஜ்கள் இருக்கும் கடை மெஷினில் நான் தொடுவதில்லை.

பழகிப் பார்க்க டிஸ்க் எதுவும் வேண்டாம். டிரங்கேட் கட்டளையால் 1 ஜிபி ஃபைல் ஒன்று உண்டாக்கி, லூப்பாக மாட்டி, எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்யுங்கள். இடம் போதாவிட்டால் ஃபைலைப் பெரிதாக்கி, லோசெட்டப்புக்குச் சிறிய சி கொடுத்துப் புதிய அளவைத் தெரிவித்து, அதன்பின் ரிசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் ஃபைல்சிஸ்டத்தையும் பெரிதாக்குங்கள்.