எடை நிற்கிறது, இடுப்பு இறங்குகிறது: டேப்பும் எடை மெஷினும் நீண்ட நாள் பயன்பாட்டில்

உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் தொடங்கி ஒன்றரை மாதம் ஆனவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பிளவுஸைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, எடை மெஷினில் மட்டும் அதே எண். மெஷின் பழுதா, உடம்பில் ஏதாவது கோளாறா என்று குழம்பிப் போகிறார்கள். அந்தக் குழப்பத்திலேயே பாதிப் பேர் ஜிம்மை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். பெரும்பாலும் மெஷினும் சரி, உடம்பும் சரி. இரண்டு கருவிகளும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்கு. இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.யிலிருந்து 87 செ.மீ.க்கு வருகிறது என்று வையுங்கள். வயிற்றை வட்டமாக எடுத்துக்கொண்டால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 645 சதுர செ.மீ.யிலிருந்து 602 ஆகிறது. விலாவிலிருந்து அடிவயிறு வரை 30 செ.மீ. உயரத்துக்கும் இதே அளவு குறைந்திருந்தால், போன கன அளவு ஏறக்குறைய 1.3 லிட்டர். ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 0.9 கிலோ. ஆக, பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போகும் அளவுக்கு இடுப்பு குறைந்தும், வயிற்றிலிருந்து போன எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஒரே மனிதரின் எடை காலைக்கும் இரவுக்கும் நடுவே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அந்த ஒரு கிலோ சுலபமாக மறைந்துவிடும். டேப்பில் அது மறையாது.

மறைக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் நீர். தசையும் கல்லீரலும் மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. மொத்தம் அரைக் கிலோ அளவு வரை இருக்கும், ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ மளமளவென்று இறங்குவது இந்த இருப்பு கரைவதால்தான். பயிற்சி பழகப் பழகத் தசை முன்பைவிட அதிகக் கிளைகோஜனைச் சேர்க்கக் கற்றுக்கொள்கிறது, நீரும் கூடவே திரும்பி வருகிறது. ஓட்டம், சைக்கிள் போன்றவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். புதிதாக ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவருக்கு 24 முதல் 72 மணி நேரம் வரை தொடை வலிக்கிறதே, அந்த நாட்களில் தசைக்குள் வீக்கமும் நீரும் இருக்கும். திங்கட்கிழமை கால் பயிற்சி செய்துவிட்டு புதன்கிழமை எடை பார்த்துக் கவலைப்படுவதில் பொருளே இல்லை.

உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்குச் சமமான அடர்த்தி உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒரு நாள் 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டர் நீர் உள்ளேயே நிற்கலாம். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் நீர் தேங்கி எடை கூடுவது சாதாரணம். அதனால் மாதத்தின் அதே கட்டத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்: விலக்கு முடிந்த 3-ஆம் நாள் எடையை, அடுத்த மாதம் விலக்கு முடிந்த 3-ஆம் நாள் எடையோடு. தசை பலத்துக்காக கிரியேட்டின் என்ற சத்துப்பொடி எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறும். அதுவும் தசைக்குள் போகும் நீர்தான்.

ஜிம்மில் எல்லோரும் சொல்லும் விளக்கம் வேறு: "கொழுப்பு தசையாக மாறுது, தசை வெயிட் ஜாஸ்தி." கொழுப்பு தசையாக மாறாது, இரண்டும் வெவ்வேறு செல்கள். அடர்த்தி வித்தியாசம் உண்மை. ஒரு கிலோ கொழுப்பு 1.1 லிட்டர் இடம் பிடிக்கும், ஒரு கிலோ தசை 0.94 லிட்டர். அந்த வித்தியாசம் மட்டும் இரண்டு இஞ்சைக் குறைத்துவிடாது. இடம் மாறுவதுதான் பெரிய விஷயம். போவது வயிற்றிலிருந்து, சேர்வது தொடை, முதுகு, தோள் என்று பரவலாக. வேகத்தையும் பார்க்க வேண்டும். முறையாக எடை தூக்கும் புதிய ஆணுக்கு மாதம் அரை முதல் ஒரு கிலோ தசை என்பதே நல்ல வளர்ச்சி, பெண்களுக்கு அதில் பாதி. குறைவாகச் சாப்பிடும் காலத்தில் இன்னும் குறையும். தினமும் அரை மணி நேரம் நடை மட்டும் போகிறவர் "எனக்குத் தசை ஏறியிருக்கும்" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன்.

இனி கருவிகள். டேப், எடை மெஷின், கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் ஆகிய மூன்றிலும் அதிகம் நம்பத் தகுந்தது தையல்காரர் டேப்தான், சரியாகப் பிடித்தால். 150 செ.மீ., 60 இஞ்சு என்று இருபுறமும் அச்சிட்டது, ஃபைபர் கிளாஸ் இழை உள்ளதாக வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் டேப் நாளடைவில் இழுபடும். பள்ளிப் பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை டேப்பின் மேல் ஐந்து முறை நகர்த்தி வைத்துப் பார்த்தால் 150-இல் முடிய வேண்டும். அரை செ.மீ. தள்ளிப் போனாலே டேப்பை மாற்றிவிடுங்கள்.

அளக்கும் இடத்தில்தான் பெரும்பாலோருக்குத் தவறு நேர்கிறது. பேன்ட் கட்டும் இடம் ஒன்று, தொப்புள் மட்டம் இன்னொன்று, உலக சுகாதார அமைப்பு சொல்லும் இடம் மூன்றாவது. கடைசியானதை எடுத்துக்கொள்வது நல்லது. உடம்பின் பக்கவாட்டில், அக்குளுக்கு நேர் கீழே விரலை வைத்து மேலிருந்து இறங்கினால் கடைசி விலா எலும்பு முடியும் இடம் தட்டுப்படும். இன்னும் கீழே போனால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு இடுப்பெலும்பிலிருந்து எத்தனை செ.மீ. மேலே இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம். தொப்புளை அடையாளமாக வைத்தால், வயிறு வற்றி தோல் தொய்யும்போது அதுவும் கீழே நகர்ந்துவிடும். பழைய அளவோடு ஒப்பிட முடியாது.

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், கால்களைச் சேர்த்து நில்லுங்கள். டேப் முதுகுப் பக்கம் கீழே சரிந்திருந்தால் இரண்டு செ.மீ. வரைகூட மாறும், ஆளுயரக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நொடியில் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. டேப் தோலைத் தொட்டு நிற்க வேண்டும், பதியக் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அரை செ.மீ. மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது கைப்பிழை.

இடுப்போடு நிறுத்திவிடாமல் பின்புறத்தின் அகன்ற இடம், தொடையின் நடு, மேற்கையின் நடு ஆகிய மூன்றையும் மாதம் ஒரு முறை எழுதுங்கள். இடுப்பு குறைந்து தொடையும் கையும் அப்படியே இருந்து, எடையும் நின்றால் அதைவிட நல்ல செய்தி இல்லை. எடை வேகமாக இறங்கி, கையும் தொடையும் மெலிந்து, இடுப்பு மட்டும் அசையாமல் நின்றால் தசை கரைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெறும் கஞ்சி, பழம் என்று டயட் இருப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். பார்க்கிறவர்கள் "இளைச்சிட்டீங்களே" என்று பாராட்டுவார்கள், ஆனால் தூக்கிய எடையைத் தூக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. முதல் வாரத்தில் குறையும் ஓரிரு செ.மீ. பெரும்பாலும் வயிற்று உப்புசம் அடங்கியது. அதைக் கொழுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டிஜிட்டல் எடை மெஷினைச் சமமான டைல்ஸ் தரையில் வைக்க வேண்டும். மிதியடி, கம்பளம் மேல் வைத்தால் நான்கு மூலைகளில் உள்ள சென்சார்களில் எடை சரியாக இறங்காது. இடம் மாற்றினால் ஒரு முறை மிதித்துவிட்டு, பூஜ்யத்துக்கு வரவிட்டு, பிறகு ஏறுங்கள். பக்கத்து வீட்டு மெஷினோடு ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம், தினமும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்பதே முக்கியம். பலருக்குத் தெரியாத ஒன்று: சில மாடல்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்து, வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழைய எண்ணையே மறுபடி காட்டும். "என் எடை நூறு கிராம்கூட மாறவில்லை" என்பவர்கள் முதலில் இதைச் சோதிக்க வேண்டும். ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுடன் மறுபடி ஏறுங்கள். எண் மாறாவிட்டால் மெஷின் நினைவிலிருந்து பேசுகிறது. ஒரு குடம் தண்ணீரோடு ஏறி இறங்கிவிட்டுத் தனியாக ஏறினால் சரியான எண் வரும். தினமும் எடை பார்ப்பவர்கள் ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் புளூடூத் மெஷினுக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாதத்தின் வழியே மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி, எதிர்ப்பை அளந்து, வயது, உயரம் சேர்த்த ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைச் சொல்கிறது. இரண்டு கால் வழியாக மட்டும் போகும் மின்னோட்டத்துக்கு வயிற்றின் நிலைமை பெரிதாகத் தெரியாது. உடம்பில் நீர் குறைந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். நீர்தான் எல்லாவற்றையும் குழப்பும் இந்தக் காலத்தில், நீரை நம்பி இயங்கும் கருவி உதவாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது.

துணியையும் ஒரு கருவியாக வைத்துக்கொள்ளலாம். எலாஸ்டிக் கலக்காத பருத்திப் பேன்ட்டோ, தையல்காரர் அளவெடுத்துத் தைத்த பிளவுஸோ ஒன்றை ஒதுக்கி, துவைத்து உலர்ந்ததும் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் இரண்டு நாள் போட்டாலே தளரும்.

இடுப்பை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும்? புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை சரியாக இருந்தும் கொழுப்பு அதிகமாக இருக்கும் இந்த உடல்வாகு நமக்கு மிகவும் பழக்கமானது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராஸ் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்தும் எடை குறையாதபடி உணவு கொடுக்கப்பட்ட பருமனான ஆண்களுக்கும் வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. தெற்காசியர்களுக்கான இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய அளவு.

எவ்வளவு காலம் எடையைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம்? முதல் நான்கு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். அதன் பிறகு மாதம் ஒரு செ.மீ.யாவது இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் மூன்று மாதம் வரை எடை நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு வாரம் தொடர்ந்து டேப்பும் நின்று எடைச் சராசரியும் நின்றால், அப்போது அது நீர் இல்லை; சாப்பாடு செலவுக்குச் சரியாக இருக்கிறது. தினமும் 200 முதல் 300 கலோரி குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம். நம் சமையலில் அது கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, சட்னிக்குப் போகும் 30 கிராம் தேங்காய் 100-க்கு மேல், "கொறிக்க" எடுத்த ஒரு கைப்பிடி வேர்க்கடலை 170, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட மூன்று டீயில் சர்க்கரை மட்டும் 120. எண்ணெயைக் குப்பியிலிருந்து ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.

புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைக்கும் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 54 கிராம் வேண்டும். தசையைக் காப்பாற்றிக்கொண்டு இளைக்க 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 78 முதல் 104 கிராம் நல்லது. இட்லி, சாம்பார் சாதம், தோசை என்று ஓடும் நாளில் அது கிடைக்காது. இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் சுமார் 10, 30 கிராம் மீல்மேக்கரில் 15, 100 கிராம் மீனில் 18 முதல் 20. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே மருந்தளவைப் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் தாழ்சர்க்கரை வரும்.

எடை நிற்பதை எப்போதும் நல்லதாகவே எடுத்துக்கொள்ளவும் முடியாது. முகமும் கையும் மெலிந்து எடை மட்டும் குறையாமல் இருந்தால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர்வீக்கம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரும். மூச்சு வாங்கலும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.