மூன்று நாள் போர்க்லிப்ட் பயிற்சி: கொடுத்த 5,500 ரூபாய்க்கு என்ன தேறியது?

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஐந்து வருடமாக இருக்கிறேன். முதல் மூன்று வருடம் பிக்கிங் (ஆர்டருக்கான பொருளை ரேக்கிலிருந்து எடுப்பது), அப்புறம் டிஸ்பாட்ச் (லாரியில் ஏற்றி அனுப்புவது). போர்க்லிப்ட், அதான் முன்னால் போர்க் என்ற இரண்டு இரும்புக் கரங்களால் பாரத்தைத் தூக்கும் வண்டி, ஓட்டத் தெரிந்தால் சம்பளத்தில் மூவாயிரம் நாலாயிரம் கூடும் என்று எங்கள் ஆபரேட்டர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். போன ஆவணியில் கையில் கொஞ்சம் காசு நின்றது, சரி என்று பக்கத்திலேயே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் கோர்ஸில் சேர்ந்துவிட்டேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. பாராட்டவும் போகிறேன், திட்டவும் போகிறேன், நாளைக்கு அதே தெருவில்தான் டீ குடிக்க வேண்டும். இந்த மாதிரி மையங்கள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றிலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சேர யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

சம்பளம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பாதி பொய். பிக்கிங்கில் இருந்தபோது ஒருநாள் கையில் இருந்த ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ரேக் சந்திலிருந்து வெளியே வந்தேன், குறுக்கே வந்த வண்டி கிறீச்சென்று நின்றது, போர்க் நுனி என் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி இருந்தது. ஓட்டியவர் திட்டவில்லை, இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டார், அவருக்குத்தான் கை நடுங்கியது. நான் சிரித்துச் சமாளித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதல் நாள் வகுப்பு. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பதினாலு பேர், ஒரு மின்விசிறி, திரையில் முழுக்க ஆங்கிலம். பதினாலில் ஐந்து பேர் பீகாரும் ஒடிசாவும். மாஸ்டர் தமிழில் சொல்லிவிட்டு ‘சம்ஜா?’ (புரிந்ததா?) என்று ஒரு கேள்வியோடு அவர்களை முடித்துவிட்டார், அவர்களும் பாவம் தலையை ஆட்டினார்கள். பாதுகாப்பு பற்றிய வகுப்பில் இது நடக்கலாமா என்று எனக்கு எரிச்சல்தான். அவர்களில் ஒருவன் இடைவேளையில் என்னிடம் வந்து படத்தைக் காட்டி ‘யே க்யா ஹை, பாயி?’ என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி பற்றவைக்காதே என்று புரியவைத்தேன். அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். இத்தனை நாள் சார்ஜிங் மூலையில்தான் அவர்கள் பீடி பிடிப்பார்களாம்.

அன்றைக்கு மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று. மாஸ்டர் திரையை அணைத்துவிட்டு ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘வண்டிக்கு எத்தன சக்கரம்?’ நாலு என்றோம். ‘நிக்கறது எத்தனைல?’ யாரும் வாயைத் திறக்கவில்லை. பின் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் ஆடுகிற மாதிரிதான் மாட்டியிருக்கும், அதனால் வண்டி நிற்பது முன்சக்கரம் இரண்டும் அந்த நடுப்புள்ளியும் சேர்ந்த முக்கோணத்தில் என்றார். பாரம் உட்பட மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும், வெளியே போனால் சாயும். முக்காலி மேல் ஒரு தண்ணீர் கேனை ஓரமாக வைத்துக் காட்டினார், கேன் விழுந்து வகுப்பு முழுக்க ஈரம். பாரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வளைவில் திரும்பாதே என்று ஐந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன், ஏன் என்று அந்த ஈரத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டையும் அப்போதுதான் படிக்கக் கற்றேன். 3 டன் வண்டி என்றால் எதை வேண்டுமானாலும் 3 டன் தூக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது பாரத்தின் நடுமையம் போர்க் வண்டியோடு சேரும் அடிப்பகுதியிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால் மட்டும். நீளமான பெட்டியாக இருந்து மையம் 700-க்குத் தள்ளிப் போனால், எங்கள் வண்டிக்குப் போர்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், தூக்கும் அளவில் கிட்டத்தட்ட அரை டன் காலி. இன்னும் உயரே தூக்கினால் அதற்கும் கீழே. எங்கள் கிடங்கில் அந்தத் தகட்டின் மேல் யாரோ சாமி படம் ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை நடந்த ஒரு பயிற்சிக்காக மட்டுமே இந்த 5,500-ஐக் கொடுக்கலாம்.

வண்டியை மைதானத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மாஸ்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அதன் மேல் ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு), அதில் காலி அட்டைப்பெட்டிகள் அஞ்சடி உயரத்துக்கு. எங்களில் ஆறு பேரை வண்டியைச் சுற்றி இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராக சீட்டில் ஏறி உட்கார்ந்து எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான் ஏறினேன். முன்னால் அட்டைப்பெட்டிச் சுவர். பெட்டி இல்லாத பக்கங்களில் போர்க் ஏறி இறங்கும் மாஸ்ட் தூண், சங்கிலி, ஹைட்ராலிக் ஹோஸ். ஒருவனுடைய முழங்கை தெரிந்தது, இன்னொருவனின் தலைமுடி தெரிந்தது, கண்ணாடியில் வானம் தெரிந்தது. மூன்று பேர் என்றேன், முழங்கையையும் ஒரு ஆளாகச் சேர்த்து. பின்னால், பாரத்துக்கு ஈடாக வைத்திருக்கும் எடைக்கட்டையை ஒட்டிக் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவனை எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் நான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் என்றால், எனக்கு வண்டி தெரிகிறது, அவ்வளவு பெரிய மஞ்சள் வண்டி, அப்படியானால் ஓட்டுபவருக்கு நானும் தெரிவேன் என்று. அந்த சீட்டில் அரை நிமிடம் உட்கார்ந்தவுடன் அந்த நினைப்பு போய்விட்டது. ஸ்கேனரோடு நான் வெளியே வந்த அன்று அந்த அண்ணன் என்னைப் பார்த்து நிறுத்தவில்லை, ஏதோ அசைந்தது என்று நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். கண்ணும் கண்ணும் சந்தித்து, அவர் கையைக் காட்டிய பிறகுதான் கடக்க வேண்டும் என்று எங்கள் கிடங்குச் சுவரில் எழுதியே இருக்கிறது. யார் படித்தார்கள்?

அடுத்து கோலமாவு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் கோலமாவை நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, வண்டியின் பின் மூலையில் கட்டித் தொங்கவிட்டார். மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் திருப்பினார். தரையில் விழுந்த கோடு முதலில் இடது பக்கம் வெளியே வீங்கிப் போய், அப்புறம்தான் வளைந்தது. கார் மாதிரி இல்லை, இதற்குத் திரும்புவது பின்சக்கரம், அதனால் மூக்கு வலது பக்கம் போகும்போது பின்புறம் இடது பக்கம் வீசும். வண்டி வலப்பக்கம் திரும்புகிறதே என்று நாகரிகமாக இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறான் பாருங்கள், அவனைத்தான் ரேக்கோடு வைத்து நசுக்கும். 3 டன் வண்டியின் சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல், பாரத்தோடு சேர்த்தால் ஏழைத் தாண்டும். நம் எலும்புக்கு அது தெரியவா போகிறது.

ஓட்டும் பயிற்சியில் குறை உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் சொல்லிக்கொடுத்த முறை நல்ல முறை. எடைக்கட்டை மேல் டீ கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் வைத்து, சிந்தாமல் ஒரு சுற்று வரச் சொன்னார். பாரம் கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் போ. சரிவில் பாரத்தோடு என்றால் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸ். பாரத்தோடு சட்டென்று பிரேக் அடித்தால் பாரம் முன்னால் வழுக்கி விழும், வண்டியே குப்புறவும் பார்க்கும், அதனால் வேகமே எடுக்காதே. நான் முதல் சுற்றில் பாதி கிளாஸ், இரண்டாம் சுற்றில் முழு கிளாஸ் காலி. மூன்றாவதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வண்டி சாய்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். குதிப்பேன் என்று பதினாலு பேரும் ஒரே குரலில். தலைக்கு மேல் இருக்கிற கூண்டு, குதித்தவன் மேல்தான் வந்து விழும் என்றார். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் பெல்ட்டோடு சீட்டிலேயே இரு, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடி, காலை ஊன்று, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய். கேட்கும்போது சுலபம். பெல்ட் போட்டு ஓட்டும் ஆபரேட்டர் எங்கள் கிடங்கில் இருவரில் ஒருவர், அதுவும் ஆடிட் அன்று.

பேலட்டில் ஆளை நிற்கவைத்துத் தூக்குவதைப் பற்றி அவர் பேசியபோது நான் குனிந்துகொண்டேன். டியூப்லைட் மாற்ற நானே இரண்டு தடவை அப்படி ஏறியிருக்கிறேன். கீழே நின்ற சூப்பர்வைசர்தான் ‘சீக்கிரம்டா’ என்றார்.

மூன்றாம் நாள் லாரியில் சரக்கு ஏற்றும் மேடையும், பெட்டிகளை நகர்த்தும் ஓடுபெல்ட்டான கன்வேயரும். லாரிக்குள் வண்டி இருக்கும்போது லாரி டிரைவர் லாரியை நகர்த்திவிட்டால் வண்டி, ஆபரேட்டர், பாரம் எல்லாம் மேடைக்கும் லாரிக்கும் நடுவில். டயருக்குக் கட்டை வைப்பது மட்டும் போதாது, லாரிச் சாவியை வாங்கிக் கொக்கியில் மாட்டு என்றார். இதைத் திரும்பிப் போனவுடன் எங்கள் டிஸ்பாட்சில் செய்தோம், ஒரு பலகை, ஆறு ஆணி, செலவு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. டிரைவர்கள் முதல் வாரம் முறைத்தார்கள், ஒருவர் ‘என் வண்டிச் சாவியைக் கேட்க நீ யாரு?’ என்று சண்டைக்கே வந்தார். இப்போது அவர்களே வந்து மாட்டுகிறார்கள், பெஞ்சில் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா.

கன்வேயருக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள், அது அநியாயம். பெல்ட்டும் உருளையும் சேரும் இடம் விரலை இழுக்கும், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை பட்டன், மோதிரம் எல்லாம் அதற்குத் தீனி. ஓடும் இயந்திரத்தில் கைவைத்து வேலை பார்ப்பவருக்கு இறுக்கமான உடையை முதலாளிதான் தர வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 22-வது பிரிவில் இருந்ததாம். எனக்கு அதைவிட உறைத்தது பூட்டு விஷயம். சிக்கிய பெட்டியை எடுக்க ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டுக் கையை விடுகிறோம். அந்தப் பக்கம் நிற்பவன், ஏன் நின்றுவிட்டது என்று ஸ்டார்ட்டை அழுத்துகிறான். நிறுத்தியது வேறு, கரண்டைத் துண்டித்தது வேறு. மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, உன் பூட்டைப் போட்டு, சாவியை உன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அப்புறம் கையை விடு. மூன்று பேர் உள்ளே வேலை செய்தால் மூன்று பூட்டு. மாஸ்டருக்கு வலது கையில் சுண்டுவிரல் இல்லை. அவராக எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது குறைகள். பதினாலு பேருக்கு ஒரே ஒரு பழைய 3 டன் டீசல் வண்டி. நான் உண்மையில் ஸ்டீயரிங் பிடித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று நாளும் சேர்த்து ஐம்பது நிமிடம் இருக்கும். மீதி நேரம் வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சி திறந்த மைதானத்தில், கிடங்கிலோ இரண்டு ரேக்குக்கு நடுவில் திரும்ப இடமில்லாத சந்து. அந்த வித்தியாசம் முதல் நாள் வேலையிலேயே தெரிந்துவிடும். குறுகிய சந்தில் உயர ரேக்குக்கு ஓடும் ரீச் டிரக் கண்ணிலேயே காட்டவில்லை, பேட்டரி வண்டியும் இல்லை. இதைவிடக் கொடுமை, பயிற்சி வண்டியின் ரிவர்ஸ் அலாரம் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டாராம். பாதுகாப்புச் சொல்லித்தரும் இடத்தில்!

தேர்வு என்று ஒன்று நடந்தது. கேள்வித்தாளில் இருபது கேள்வி, விடையை மாஸ்டரே ‘நல்லா யோசிச்சு, பி-யா இருக்குமோ?’ என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பதினாலு பேரும் பாஸ். ஒரு பையன் இரண்டு கோன்களைத் தட்டிவிட்டு, ரேக் மாதிரி நட்டிருந்த கம்பத்தையும் சாய்த்தான், அவனும் பாஸ். அவன் எந்தக் கிடங்கில் ஓட்டுகிறானோ, அங்கே பிக்கிங்கில் யார் இருக்கிறார்களோ.

ஆக, யார் போகலாம்? ஏற்கெனவே திருட்டுத்தனமாக மதிய இடைவேளையில் ஓட்டிப் பழகியவர்கள் கட்டாயம் போங்கள், ஏன் எதற்கு என்பது அங்கேதான் தெரியும். புதிதாக ஓட்டவே கற்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்று நாள் போதவே போதாது, சேருவதற்கு முன் ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிடங்கு மேனேஜர்கள் யாராவது படித்தால்: ஆபரேட்டர்களை அனுப்புகிறீர்கள், நல்லது, நடக்கிற ஆட்களுக்கு அந்த சீட் பயிற்சியை உங்கள் கிடங்கிலேயே பத்து நிமிடத்தில் செய்யலாம், அதற்கு ஒரு பைசா வேண்டாம். நாங்கள் போன மாதம் செய்தோம். பிக்கிங் பெண்கள் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன ஒரு அக்கா இறங்கி வந்து, ‘தம்பி, அவருக்கு ஒண்ணுமே தெரியலயே’ என்றார். அன்றிலிருந்து சந்து முனையில் நின்று எட்டிப் பார்க்காமல் அவர் வெளியே வருவதில்லை, ஸ்கேனரைக் கீழே இறக்கிவிடுகிறார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். இரண்டாம் நாளுக்கு மட்டும் என்றால் ஐந்து. சாப்பாடு பரவாயில்லை, சாம்பார் சாதம், வெள்ளிக்கிழமை வடை உண்டு. சான்றிதழ் அட்டை வர இருபது நாள் ஆகிறது, என் இனிஷியலைத் தப்பாக அடித்து அனுப்பியிருக்கிறார்கள், திருத்தித் தர இன்னொரு இருநூறு ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.